ஒரு தோட்டா மற்றொன்றைப் போல: வேட்டைத் துப்பாக்கியின் துல்லியமும் தமிழ் மண்ணும்

(திருவேற்காட்டில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பொருளும் எல்லையும்

வேற்காடு என்னும் பெயர் வேல மரங்கள் அடர்ந்த காட்டைக் குறிப்பது. கூவம் ஆற்றங்கரையில் அமைந்த வேதபுரீசுவரர் கோயிலின் தலமரமும் வெள்வேல மரமே. அந்தக் காடு இன்று பெயரில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆனால் இவ்வூருக்கு அருகில் ஆவடியில், மக்கள் வழக்கில் ‘டேங்க் பாக்டரி’ எனப்படும் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961 முதல் இயங்கி வருவதாலும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் லேத்துப் பட்டறைகளில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் உருப்படி தள்ளுபடியாகும் என்பதை அறிந்த தொழிலாளர் பல்லாயிரவர் இச்சுற்று வட்டாரத்தில் வாழ்வதாலும், அளவின் நுட்பத்தைப் பற்றிய ஓர் உரைக்கு இவ்வூர் முற்றிலும் பொருத்தமான இடமாகிறது.

வேட்டைக்குரிய ரைபிளுக்கு வேண்டிய தோட்டாவை ஒருவர் தம் கையாலேயே நிரப்பி, தம் துப்பாக்கிக்கு ஏற்றவாறு அதைச் செம்மைப்படுத்தும் முயற்சி, அமெரிக்கா, பின்லாந்து, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு கலையாக வளர்ந்துள்ளது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கியையோ தோட்டாவையோ உருவாக்குவதைத் தடுக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையையே ஏறக்குறைய முழுமையாக முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டன. ஆகவே இவ்வுரை செய்முறை விளக்கமாக அமையவில்லை. ஒரு தோட்டா சென்ற இடத்துக்கே அடுத்த தோட்டாவும் செல்வது எதனால் என்னும் கேள்வியையும், அக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றில் தமிழ் மண்ணுக்கு உள்ள பங்கையும், அந்த விடைக்குள் பொதிந்துள்ள அறக்கடமையையும் எடுத்துரைப்பதே இதன் நோக்கம்.

தோட்டாவின் நான்கு உறுப்புகள்

பேச்சு வழக்கில் தோட்டா என்பது முழுப்பொருளையும் குறிக்கிறது. ஆனால் அது நான்கு உறுப்புகளின் கூட்டு. முதலாவது பித்தளைக் கூடு. செம்பு ஏறத்தாழ 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த இவ்வுலோகம், வெடிக்கும் கணத்தில் விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயு பின்புறம் கசியாமல் அடைத்து, அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி எளிதாக வெளியே வரும் இயல்புடையது. இரண்டாவது கூட்டின் அடியில் பதிக்கப்பட்டுள்ள பிரைமர். துப்பாக்கியின் ஊசி அதைத் தாக்கும்போது தீப்பொறி பிறக்கிறது. மூன்றாவது, கூட்டினுள் இருக்கும் மருந்து. நான்காவது, கூட்டின் வாயில் செருகப்பட்டுள்ள குண்டு. நால்வகை உறுப்புகளில் குழலை விட்டுப் பறந்து செல்வது இது ஒன்றே.

மருந்து எரிந்து வாயுவாகும்போது, இக்கால ரைபிள்களில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய மூவாயிரம் முதல் நாலாயிரம் மடங்கு அழுத்தம் கூட்டுக்குள் எழுகிறது. குழலின் உட்சுவரில் திருகுபோல் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் குண்டைப் பற்றிச் சுழல வைக்கின்றன. இப்பள்ளங்களின் பெயராலேயே அத்துப்பாக்கி ரைபிள் எனப்படுகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போலவே, சுழலும் குண்டும் தன் மூக்கை முன்னோக்கி வைத்துச் செல்கிறது.

இவ்விடத்தில் இரு கருத்துகளைப் பிரித்துணர்வது இன்றியமையாதது. குண்டுகள் அனைத்தும் குறியிலிருந்து ஒரே பக்கமாக விலகி, ஆனால் ஒன்றையொன்று நெருங்கி விழுமானால், பார்வைக் கருவியைச் சற்றுத் திருப்பி அக்குறையைப் போக்கிவிடலாம். குறியைச் சுற்றி அவை நாற்புறமும் சிதறி விழுமானால், எந்தத் திருகாணியாலும் அதைச் சரிசெய்ய இயலாது. முதலாவது நோக்கின் பிழை. இரண்டாவது தோட்டாவும் குழலும் தரும் சிதறல். கையால் தோட்டா நிரப்புவோர் காலமெல்லாம் போராடுவது இந்த இரண்டாவதோடுதான். கூடு, பிரைமர், மருந்து, குண்டு ஆகிய நான்கும் ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே தன்மையாய் இருந்தாலன்றிச் சிதறல் குறையாது என்பதால், துல்லியத்தின் வேர் ஆற்றலில் அன்று, ஒருமையில் இருக்கிறது என்பதே இவ்வுரையின் மையக் கருத்து.

தேவனாம்பட்டினத்தில் மறைந்த கணித அறிஞர்

இந்த ஒருமையை அளக்க முடியும் என்று முதன்முதலில் காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த இவர், 1742இல் வெளியிட்ட பீரங்கியியல் பற்றிய நூலில், பறக்கும் குண்டின் வேகத்தை அளக்கும் ஊசல் முறையை விளக்கினார். அதற்கு முன்னர் குண்டின் வேகம் ஊகத்துக்குரியதாகவே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் செல்லும் பொருளை எந்தக் கடிகாரம் அளக்கும் என்று அறிஞர் பலர் கைவிட்டிருந்த வினாவுக்கு, வேகமாய்ச் செல்லும் சிறுபொருளைக் கனத்த பொருள் ஒன்றில் புதையச் செய்து அதை மெல்ல அசையவைத்தால் போதும் என்பது அவர் கண்ட விடை.

அதன் அமைப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளியது. பத்துக் கிலோ எடையுள்ள மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, பத்துக் கிராம் எடையுள்ள குண்டை வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் அதனுள் பாய்ச்சினால், குண்டும் கட்டையும் சேர்ந்து வினாடிக்கு ஏறத்தாழ 0.8 மீட்டர் வேகத்தில் அசையத் தொடங்கி, சுமார் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும். அந்த மூன்று சென்டிமீட்டரை ஓர் அளவுகோலால் அளந்துவிட்டால், கணக்கின் வழியே பின்னோக்கிச் சென்று குண்டின் வேகத்தைக் கண்டுவிடலாம். இம்முறையைக் கையாண்டதன் விளைவாக, காற்றின் எதிர்ப்பு அதுவரை எவரும் எண்ணியதைவிடப் பன்மடங்கு பெரியது என்பதையும், குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அவ்வெதிர்ப்பு திடீரென மிகுகிறது என்பதையும் ராபின்ஸ் கண்டறிந்தார். அவருடைய நூலை லெயோனார்டு ஆய்லர் 1745இல் விரிவான உரையுடன் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். 1746இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் ராபின்ஸுக்கு வழங்கப்பட்டது. வழவழப்பான குழலிலிருந்து புறப்படும் உருண்டைக் குண்டு தாறுமாறாகச் சுழன்று பக்கவாட்டில் விலகுவதையும், புரியிட்ட குழல் அச்சுழற்சியை ஒழுங்குபடுத்துவதையும் அவர் விளக்கியது, பின்வந்த ரைபிள்கள் அனைத்துக்கும் அடித்தளமாயிற்று.

இத்தகைய அறிஞரின் வாழ்வு தமிழ் மண்ணில் முடிந்தது என்பதைத் தமிழர் பலர் அறியார். பிரெஞ்சுக்காரரிடமிருந்து சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்த பின்னர், கோட்டைகளைச் செப்பனிடும் பொறுப்பேற்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750இல் வந்த அவர், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையில் 1751 ஜூலை 29 அன்று காலமானார். கெடிலம் கடலோடு கலக்கும் அப்பகுதியில் இடிந்து கிடக்கும் கோட்டையின் எச்சங்களைக் காண்போர், உலகெங்கும் தோட்டாவின் வேகத்தை அளப்போர் அனைவருக்கும் முன்னோடியான ஒருவர் அங்கு இறுதி நாள்களைக் கழித்தார் என்பதை நினைவிற்கொள்வது தகும். அவருடைய ஊசலின் இடத்தை இன்று இரு ஒளித்திரைகளுக்கு இடையே குண்டு கடக்கும் நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவியும், ரேடார் கருவியும் பிடித்துவிட்டன. அளக்கப்படாத தோட்டாவைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை என்னும் அவருடைய அடிப்படை மட்டும் மாறவில்லை.

வெயிலும் சட்டமும் வகுத்த தோட்டாக்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை வேட்டைக்காரர் பயன்படுத்தியது கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்த அது, அடர்ந்த புகையைக் கிளப்பி, குழலில் கசடு படியச் செய்யும். 1884இல் பிரான்சில் பால் வியேய் புகையற்ற மருந்தை உருவாக்கினார்; 1887இல் ஆல்பிரட் நோபல் பாலிஸ்டைட்டையும், 1889இல் பிரிட்டனில் ஆபெல், டிவார் ஆகிய இருவரும் கார்டைட்டையும் கண்டனர். கயிறுபோல் இழை இழையாக வார்க்கப்பட்டதால் இப்பெயர் பெற்ற கார்டைட், தொடக்கத்தில் 58 பங்கு நைட்ரோகிளிசரினும் 37 பங்கு வெடிபஞ்சும் 5 பங்கு வாசலினும் கொண்டிருந்தது. மிகுந்த வெப்பத்தோடு எரிந்து குழலை அரித்ததால், 1901இல் நைட்ரோகிளிசரின் 30 பங்காகக் குறைக்கப்பட்டு வெடிபஞ்சு 65 பங்காக உயர்த்தப்பட்டது.

இந்த மருந்தின் பெருங்குறையை வெளிப்படுத்தியது இந்தியாவின் கோடை வெயில். வெப்பம் மிகுந்தபோது கார்டைட் விரைந்து எரிந்து அழுத்தத்தை உயர்த்தியது. குளிர்நாட்டில் செவ்வனே இயங்கிய தோட்டாவின் கூடு, சித்திரை வெயிலில் காய்ந்த பின்னர் அறையில் இறுகிச் சிக்கிக்கொள்ளவும், சில வேளைகளில் வெளிவர மறுக்கவும் செய்தது. புலியோ யானையோ எதிரே நிற்கையில் கூடு சிக்குவது உயிருக்கே உலைவைக்கும் என்பதால், லண்டன் துப்பாக்கி உற்பத்தியாளர் அழுத்தம் குறைவாக இருக்கும்படி பெரிய கூடுகளை வடிவமைக்கத் தொடங்கினர். 1911இல் வெளிவந்த ‘416 ரிக்பி’ அவ்வகையில் புகழ்பெற்றது. மருந்து எரியும் வேகம் வெப்பத்தோடு மாறுவதால், வெயில் காலத்தில் செம்மைப்படுத்திய தோட்டா பனிக்காலத்தில் வேறிடத்தில் விழக்கூடும் என்பதை இன்று தோட்டா நிரப்புவோர் அனைவரும் அறிவர். அவ்வறிவின் பெரும்பகுதி வெப்ப நாடுகளின் காடுகளில் பட்டுத் தெளிந்ததே.

கார்டைட் தமிழ்நாட்டுக்கும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீலகிரியில் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. காட்டேரி அருவியிலிருந்து பெற்ற நீர்மின்சாரம் அதற்குப் பயன்பட்டது. மலை ரயிலில் உதகைக்குச் செல்வோர் அத்தொழிற்சாலைக்காகப் பெயர்பெற்ற ரயில் நிலையத்தை இன்றும் கடந்து செல்கின்றனர். 2021 அக்டோபர் 1 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் ஓர் அலகாக இயங்கிவருகிறது.

வெயிலைப் போலவே சட்டமும் தோட்டாவின் வடிவை மாற்றியது. ராணுவத்தின் மார்ட்டினி–ஹென்றி ரைபிள்களுக்குப் பயன்படக்கூடிய தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கைக்குப் போகலாம் என அஞ்சிய ஆட்சியாளர், 1907இல் இந்தியாவிலும் சூடானிலும் 0.450 அங்குல விட்டமுள்ள வேட்டைத் துப்பாக்கிகளின் இறக்குமதிக்குத் தடை விதித்தனர். வேட்டைக்காரரின் தேவையை நிறைவேற்ற வேண்டிய உற்பத்தியாளர் அதற்கு மாற்றாக 0.470, 0.465 ஆகிய விட்டங்களில் புதிய தோட்டாக்களைக் கொண்டுவர, அவை ஆப்பிரிக்கக் காடுகள்வரை பரவி உலகப்புகழ் பெற்றன. ராணுவத் தோட்டாவாகிய 303ஐப் பொதுமக்கள் வைத்துக்கொள்ளக் கூடாதென்ற விதியின் விளைவாகவே, வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை 315 என்னும் 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான ரைபிளை உருவாக்கியது. இந்தியாவில் உரிமம் பெற்றோர் கையில் இன்றும் காணப்படும் ரைபிள் பெரும்பாலும் அதுவே.

அக்காலத்தின் மற்றொரு நிகழ்வும் கருதத்தக்கது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் உருவான, உடலில் பட்டதும் மலர்ந்து விரியும் மென்மூக்குக் குண்டு போரில் பயன்படுவதை, 1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாட்டின் பிரகடனம் தடைசெய்தது. அதே வகையான குண்டே வேட்டையில், விலங்கு நெடுநேரம் துன்புறாமல் விரைவில் உயிர்விட உதவுவதாகக் கொள்ளப்படுகிறது. ஒரே குண்டு ஓரிடத்தில் கொடுமையாகவும் ஓரிடத்தில் இரக்கமாகவும் கருதப்படுவது, கருவியின் தன்மையை அதன் நோக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என்பதை உணர்த்துகிறது.

அளவின் ஒழுக்கம்

தோட்டாவைத் தாமே நிரப்பும் பழக்கம் தொழிற்சாலைத் தோட்டாவுக்கும் முற்பட்டது. குழலின் வாய்வழி மருந்திட்டு நிரப்பும் துப்பாக்கிகளின் காலத்தில் ஒவ்வொரு வேட்டைக்காரரும் மருந்தைத் தாமே அளந்தார். கொல்லிமலை, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை ஆகிய இடங்களில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என வழங்குவதும், பறவை வேட்டையையே பல தலைமுறைகளாகத் தொழிலாகக் கொண்டிருந்த நரிக்குறவர் பயன்படுத்தியதும் அவ்வகையே. மருந்தை இட்டு, நாராலோ துணியாலோ அடைத்து, ரவைகளைப் போட்டு மீண்டும் அடைத்துக் கெட்டிக்கும் அம்முறையில், கையின் அனுபவம் ஒன்றே அளவுகோல். பரம்பரை அறிவால் அது எவ்வளவு செம்மையுற்றாலும், அக்குழலின் வழவழப்பும் மருந்தின் மாறுபாடும் துல்லியத்துக்கு ஓர் எல்லையை வகுத்துவிட்டன.

இக்காலத்தில் தோட்டா நிரப்புவோர் மருந்தை ‘கிரெயின்’ என்னும் அலகில் நிறுக்கின்றனர். ஒரு கிரெயின் ஒரு கிராமில் ஏறத்தாழ 0.065 பங்கு, பொற்கொல்லர் நிறுவைக்குப் பயன்படுத்திய குன்றிமணி ஒன்றின் எடையைவிட அது குறைவு. அதனினும் நுண்மையாக, ஒரு கிரெயினின் பத்தில் ஒரு பங்குவரை நிறுக்கும் தராசுகள் பயன்படுகின்றன. ஒரே துப்பாக்கியில் ஒருமுறை வெடித்த கூடு அத்துப்பாக்கியின் அறையின் வடிவையே பெற்றுவிடுவதால், அதே கூட்டை அதே துப்பாக்கிக்கு மீண்டும் பயன்படுத்துவதும், கூடுகளை எடைபார்த்துப் பிரித்துவைப்பதும், குண்டு கூட்டுக்குள் பதியும் ஆழம் ஒவ்வொன்றிலும் மாறாதிருக்கக் கவனிப்பதும் அவர்கள் பின்பற்றும் ஒழுங்குகள். மருந்து வெடிக்கும் கணத்தில் குழலே அதிர்வதால், குண்டு குழலின் வாயை விட்டு நீங்கும் நொடி அந்த அதிர்வின் ஒரே நிலையில் அமையவேண்டும். அதற்கும் ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தைத் தருவது தேவையாகிறது. மருந்தின் அளவு மிகுந்தால் கூடும் துப்பாக்கியும் சிதறி உயிருக்கே தீங்கு நேரும் என்பதால், பல்லாண்டு ஆய்வுசெய்து வெளியிடப்பட்ட அளவுகளை மீறாதிருப்பது இக்கலையின் முதல் விதியாகும்.

வேகத்தின் ஒருமை எவ்வளவு தேவை என்பதைச் சிறு கணக்கால் விளக்கலாம். காற்றின் எதிர்ப்பைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்து, வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாகப் புறப்படும் குண்டைக் கருதினால், 100 மீட்டர் செல்வதற்குள் அது ஈர்ப்பினால் சுமார் 7.7 சென்டிமீட்டர் கீழிறங்குகிறது. 300 மீட்டரில் சுமார் 69 சென்டிமீட்டர். 500 மீட்டரில் சுமார் 1.9 மீட்டர். ஒரு தோட்டாவின் வேகம் மற்றொன்றைவிட வினாடிக்கு 8 மீட்டர், அதாவது நூற்றுக்கு ஒன்று, மாறுபட்டால் இறக்கம் நூற்றுக்கு இரண்டு மாறுபடும். 100 மீட்டரில் அது ஒன்றரை மில்லிமீட்டராக, யாரும் பொருட்படுத்தாத அளவில் இருக்க, 500 மீட்டரில் ஏறத்தாழ நாலு சென்டிமீட்டராக வளர்ந்துவிடுகிறது. காற்றின் எதிர்ப்பையும் சேர்த்தால் இவ்வேறுபாடு இன்னும் பெரிதாகும். எனவே அருகிலிருந்து சுட்டு நல்ல தோட்டா என்று முடிவுசெய்பவர், தொலைவில் அது என்ன செய்யும் என்பதை அறியாதவராகவே இருக்கிறார்.

இக்கலையில் பலரும் இடறி விழும் இடம் எண்ணிக்கையே. மூன்று குண்டுகளைச் சுட்டு, அவை நெருங்கி விழுந்ததும் சிறந்த தோட்டாவைக் கண்டுவிட்டதாகக் கருதுவது பரவலான பழக்கம். குண்டுகளின் சிதறல் இயல்பான பரவலைப் பின்பற்றுமானால், அதே தோட்டாவால் பத்துக் குண்டுகளைச் சுடும்போது, மிக அகன்று விழுந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் மூன்று குண்டுகளுக்கு உரியதைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் சற்று மிகுதியாக இருக்கும் என்று புள்ளியியல் காட்டுகிறது. தோட்டா மாறவில்லை, முன்பு மறைந்திருந்த உண்மை வெளிப்பட்டது, அவ்வளவே. மூன்று குண்டுகளின் அடிப்படையில் ஒரு மருந்தளவைத் தேர்ந்து மற்றொன்றை ஒதுக்குபவர், பெரும்பாலும் தற்செயலையே தேர்ந்தெடுக்கிறார். துல்லியத்தை நாடுபவர் தாம் விரும்பும் விடையை அல்ல, எண்கள் தரும் விடையையே ஏற்க வேண்டும் என்பதால், இக்கலை கையின் திறமையோடு மனத்தின் நேர்மையையும் கோருகிறது.

தவறிய குண்டின் விலை

துல்லியம் விளையாட்டுக்குரிய பெருமை என்று மட்டுமே கருதுவோர், தவறிய ஒரு குண்டு என்னென்ன விளைக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். புள்ளிமானின் நெஞ்சில் உயிர்நிலை அமைந்த பகுதி ஏறக்குறைய ஒரு சாண் அளவே. அதைத் தவறவிட்ட குண்டு விலங்கைக் கொல்லாமல், தாடையையோ காலையோ உடைத்து நாள்கணக்கில் துடிக்கவிடும்.

இதற்கு வரலாற்றில் பதிவான மிகக் கொடிய எடுத்துக்காட்டு குமாவுன் பகுதியின் சம்பாவத் பெண்புலி. நானூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதாகச் சொல்லப்படும் அப்புலியை 1907இல் சுட்டுவீழ்த்திய ஜிம் கார்பெட், அதன் வாயின் வலப்புறத்தில் மேல், கீழ்க் கோரைப் பற்கள் இரண்டும் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்ததைக் கண்டார். இயல்பான இரையைப் பிடிக்க இயலாத நிலையே அதை மனிதரை நாடச் செய்தது என்பது அவர் முடிவு. அச்செயலுக்காக அவருக்கு ஐக்கிய மாகாணங்களின் துணை ஆளுநர் ஹியூவெட் பரிசளித்தது, ‘275 ரிக்பி’ என்னும் துல்லியமான சிறு விட்ட ரைபிள். யாரோ ஒருவர் என்றோ தவறாகச் சுட்ட குண்டின் பயனாய் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அழிந்த பின்னர், சரியாகச் சுட்டவருக்குத் துல்லியமான ஒரு கருவி பரிசாக வந்தது என்பதில் இக்கலையின் முழுப் பொறுப்பும் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டுக் காடுகளில் அதே உண்மையைக் கண்டு எழுதியவர் கென்னத் ஆண்டர்சன். 1954இல் வெளியான அவருடைய முதல் நூல் தொடங்கி, சேலம், தருமபுரி, நீலகிரிப் பகுதிக் காடுகளில் 405 வின்செஸ்டர் ரைபிளோடு நடந்து, காயம்பட்டு ஆட்கொல்லியான விலங்குகளைப் பற்றி அவர் மீண்டும் மீண்டும் எழுதினார். இன்று துப்பாக்கியைவிடக் கொடிய மற்றொன்று காடுகளின் ஓரத்தில் புழங்குகிறது. பழத்திலோ மாவிலோ வெடிமருந்தைப் பொதித்துப் பன்றிகளுக்காக வைக்கும் அவுட்டுக்காய், கோயம்புத்தூர்ப் பகுதியில் யானைகளின் வாயைச் சிதைத்து, அவை உண்ண இயலாமல் மெல்ல மடியச் செய்துவருகிறது. எந்த விலங்கை, எங்கே, எவ்வளவு தாக்கும் என்ற அளவே இல்லாத வெடிமருந்து அது. துல்லியத்தின் நேர் எதிர்ப்பதம் என்று அதைக் கூறலாம்.

வேட்டைக்குப் பின்

வேட்டையை வரையறுக்கும் முயற்சியும் இம்மண்ணில் பழமையானது. 1877இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கம் அமைந்தது; 1879இல் அதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. வேட்டைக்காரரே தொடங்கிய அம்முயற்சி, வரையாடு அழிந்துவிடாமல் காக்க உதவிற்று. அந்த வரையாடே இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 1972ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் துப்பாக்கிக்கு உரிய இடம் காட்டிலிருந்து குறிசுடும் களத்துக்கு மாறியது.

அக்களத்தில் ஒருமையைத் தேடும் பழைய முயற்சி புதிய வடிவில் தொடர்கிறது. பத்து மீட்டர் காற்று ரைபிள் போட்டியில் குறியின் நடுவிலுள்ள பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டமே உடையது. ஆகவே உயர்நிலை வீரர், தயாரிப்புத் தொகுதிகள் பலவற்றிலிருந்து ஈயக் குண்டுகளை எடுத்து, தம் குழலை நிலைநிறுத்திச் சுட்டுப்பார்த்து, மிக நெருங்கி விழும் தொகுதியைத் தேர்ந்துகொள்கின்றனர். அவ்வகைப் போட்டியில் 2019இல் ரியோ டி ஜெனீரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன், ராபின்ஸ் மறைந்த அதே கடலூரில் பிறந்தவர்.

காட்டில் இன்று குறிபார்த்துச் சுடும் தேவை எழுமானால், அது பெரும்பாலும் உயிரைக் காப்பதற்காகவே. 2021இல் நீலகிரியின் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் மனிதரைக் கொன்றதாகக் கருதப்பட்ட ‘டி 23’ என்னும் புலியைச் சுட ஆணை பிறந்தபோது, அதை உடனடியாகக் கொல்ல வேண்டாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் அறிவுறுத்தியது. நீண்ட தேடலுக்குப் பின், அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தி அது உயிருடன் பிடிக்கப்பட்டு மைசூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அந்த ஊசியைச் செலுத்தும் கால்நடை மருத்துவர், விலங்கின் எடையை மதிப்பிட்டு மருந்தைத் தம் கையால் அளந்து நிரப்பி, தூரத்தை அளந்து வாயுவின் அழுத்தத்தைச் சரிசெய்கிறார். அழுத்தம் குறைந்தால் ஊசி எட்டாது. மிகுந்தால் எலும்பை முறிக்கும். மருந்து குறைந்தால் காயம்பட்ட புலி சினந்து பாயும். மிகுந்தால் அது மீண்டும் விழிக்காது.

ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் கார்பெட்டிடம் இருந்தது புலியைக் கொல்லும் துல்லியம். மசினகுடியில் வேண்டியிருந்தது அதனினும் நுட்பமான, புலியை மீண்டும் எழவைக்கும் துல்லியம். கையால் அளப்பது, ஒரு குறிக்காக நிரப்புவது, எண்கள் சொல்வதற்குப் பணிந்து சுடுவது ஆகிய மூன்றும் இரண்டிலும் ஒன்றே. தோட்டாவைப் பற்றி மனிதர் முந்நூறு ஆண்டுகளாகக் கற்ற அளவின் ஒழுக்கம், காட்டின் ஓரத்தில் முழந்தாளிட்டு மயக்க மருந்தை ஊசிக்குழலில் நிரப்பும் அந்த மருத்துவரின் கையில் இன்று பயன்படுகிறது; அக்கை நடுங்காதிருக்கும் அளவுக்குத்தான் அந்தப் புலிக்கு மறுநாள் உண்டு.